சண்டைக்கார அக்காவும் புண்ணுத் தண்ணியும்

அக்கா நம்மிடம் சண்டைக்கு வருகிறார் என்றால் நம் உடம்பில் எங்கோ ரத்தம் வருகிறது என்று அர்த்தம். மற்ற நேரங்களில் அவரைப் போலச் சாதுவான மனுஷியைப் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போவைச் சுற்றியுள்ள மலைகளில் ஏறப் போகும் எங்கள் சின்னக் கூட்டத்தில் அவர் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. குட்டை உருவம். ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. அவருக்குப் பின்னால் நாலடி தள்ளி, தண்ணீர் போத்தல்கள் நிறைந்த பையைச் சுமந்துகொண்டு அவர் கணவர் வருவார். அவரை நாங்கள் அண்ணன் என்போம்.

நான் கூட்டத்தில் சேர்ந்த புதிதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. ஏர்கோன் பழுது பார்ப்பது என் தொழில். ஜெலாப்பாங்கில் சின்னதாக ஒரு கடை. புதிய முகங்களைப் பார்த்தால் கை தானாகப் பெயர் அட்டையை எடுத்து நீட்டிவிடும். அன்றைக்கும் மலையடிவாரத்தில் எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுத்தான் ஏறினேன். இறங்கும்போது செம்மண் சடக்கில் சரளைக்கல் வழுக்கி, முழங்கால் தரையில் தேய விழுந்தேன். தோல் உரிந்த இடத்தில் சிவப்பு மண்ணும் பொடிக்கல்லும் அப்பிக்கொண்டிருந்தன.

அக்கா வந்து எதிரே உட்கார்ந்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். கையுறை மாட்டினார். அண்ணன் ஒரு போத்தலைத் திறந்து கொடுத்தார்.

“ஏர்கோன் தம்பி நீங்கதானா?” என்றார் அக்கா. “போன மாசம் எங்க வீட்டுல வந்து மாட்டுனது உங்க ஆளுதான். மறுநாளே தண்ணி ஒழுகுது.”

“எந்த வீடுக்கா? எங்க ஆளு மாட்டுனா ஒழுகாதே.”

“ஒழுகுது லா. சொவரெல்லாம் பூசணம் புடிச்சிப் போச்சு. வேல தெரியாத ஆளுங்கள அனுப்பிட்டு, நீங்க இங்க ஜாலியா மல ஏறுறீங்க.”

எனக்கு வந்ததே கோபம். தண்ணீர் போகும் குழாயைச் சாய்வாக வைப்பது எப்படி, அதை எப்படி நான் ஒவ்வொரு வீட்டிலும் நேரில் போய்ச் சரிபார்க்கிறேன், ஒழுகுகிறது என்றால் ஒன்று அந்தச் சுவர் கோணல் அல்லது அவர்கள் வடிகட்டியைக் கழுவவே இல்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். கடைசியில், “நாளைக்கே வாரேன். நானே வாரேன். கழட்டிப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க” என்று நான் குரலை உயர்த்தியபோது, அக்கா கட்டுத் துணியின் முனையை ஒட்டிவிட்டு எழுந்தார். முழங்காலில் வெள்ளையாக ஒரு கட்டு. கல்லை எல்லாம் எப்போது எடுத்தார் என்றே எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். “எங்க வீட்டுல ஏர்கோன் இல்ல தம்பி. காத்தாடிதான்.”

அதுதான் அக்காவின் வைத்தியம். புண்ணுக்குள் மண்ணோ கல்லோ இருக்கக் கூடாது. அதை எடுக்க வேண்டுமானால் நிறையத் தண்ணீர் வேண்டும், ஆள் ஆடாமல் இருக்க வேண்டும். தண்ணீருக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆடாமல் இருப்பதற்குச் சண்டை.

சட்டம் இதுதான். எங்களில் ஒவ்வொருவரும் குடிக்கிற தண்ணீரைத் தவிர, மூடி உடைக்காத போத்தல் ஒன்றைக் கூடுதலாகச் சுமக்க வேண்டும். அதற்குப் பெயர் புண்ணுத் தண்ணி. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டாலும் அதைத் தொடக் கூடாது. சுங்கை சிப்புட்டிலிருந்து வருகிற லாரி ஓட்டுநர் குணா ஒரு தடவை, மலை உச்சியில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதைத் திறந்து குடித்துவிட்டான். அதைப் பார்த்துவிட்ட அக்கா இறங்கும் வழியெல்லாம் அவன் காலடியையே பார்த்துக்கொண்டு வந்தார், இவன் எப்போது விழுவான் என்று காத்திருப்பவரைப் போல. அடுத்த வாரத்திலிருந்து குணா இரண்டு போத்தல் கொண்டுவர ஆரம்பித்தான்.

கடையில் தே, தேநீர்தான், வாங்கினால் கட்டிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி ப்ளாஸ்டிக் பைகளைப் புதிதாக ஒரு கட்டு எப்போதும் வைத்திருப்பார். ஒன்றில் தண்ணீரை ஊற்றி, வாயைத் திருகிப் பிடித்து, கீழ் மூலையில் ஊசியால் ஒரு துளை போட்டு அழுத்துவார். தண்ணீர் வேகமாகப் பீய்ச்சிப் புண்ணின் சந்து பொந்தெல்லாம் நுழைந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். பக்கத்திலேயே ஓடை சலசலவென்று ஓடினாலும் அதைத் தொட மாட்டார்.

“மேல எந்தக் கொரங்கு என்னா பண்ணுதோ. நீங்க குடிப்பீங்களா அத? அப்புறம் புண்ணுக்கு மட்டும் எதுக்குக் காட்டுறீங்க?”

கிருமி கொல்லும் மஞ்சள் மருந்தைப் புண்ணுக்குள் ஊற்றலாமே என்று யாராவது சொன்னால், எங்களோடு வருகிற வள்ளியைக் கை காட்டுவார். வள்ளி செட்டிநாட்டுக் குடும்பத்துப் பெண். ஈப்போவில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். “அக்கா சொல்றது சரிதான். உள்ள தண்ணி போதும்” என்பாள். இரண்டு பேருக்கும் அதில் கருத்து வேறுபாடே இல்லை. வேறு விஷயத்தில்தான் வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கொஞ்ச நாளில் அக்காவின் தந்திரம் எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பயன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பாமாயில் எடுக்கும் செம்பனையின் மட்டை ஒன்று குணாவின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. முள் ஒடிந்து உள்ளே நின்றது. அவன் கையை நீட்டுவதற்கு முன்பே எங்களிடம் சபதம் போட்டான். “அக்கா இன்னிக்கி என்னா வேணா சொல்லட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

அக்கா முதலில் லாரிக்காரர்களுக்குப் பின்பக்கம் ஓட்டத் தெரியாது என்றார். குணா பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்தான். லாரி என்ன, அவனுக்கு மோட்டர் சைக்கிளே ஒழுங்காக ஓட்ட வராது என்றார். குணா கண்ணை மூடிக்கொண்டான். அக்கா இன்னொரு பை தண்ணீரைப் பீய்ச்சினார். பிறகு அவனை விட்டுவிட்டு, வள்ளியிடம் பரிதாபமான குரலில் சொன்னார்:

“பாவம் வள்ளி, இவன் பொண்டாட்டிய சந்தையில பாத்தேன். இவன் கொறட்ட வுடுற சத்தத்துல பக்கத்து வீட்டு நாயி கொலைக்குதாம். அந்த வீட்டுக்காரங்க வீடு மாறிப் போவப் போறாங்களாம்.”

“அது நான் இல்லக்கா” என்று குணா துள்ளினான். “அவதான் கொறட்ட வுடுவா. நான் ஹென்போன்ல பிடிச்சி வச்சிருக்கேன். இருங்க, காட்டுறேன்.”

வலது கையால் அவன் கைப்பேசியைத் தேட, இடது கையிலிருந்து முள் வெளியே வந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் அவன் மனைவியின் குறட்டையைக் கேட்டோம். அவன் சொன்னது உண்மைதான்.

அக்கா நடக்கும்போது பேசாமல் வருவது ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நாங்கள் பேசுவதை எல்லாம் கேட்டுக்கொண்டு வருகிறார். யாருக்கு எதில் பெருமை, யாருக்கு எங்கே தொட்டால் சுருக்கென்று ஏறும், எல்லாவற்றையும் மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொள்கிறார். அதை நினைத்தால் லேசாகப் பயமாகவும் இருக்கும். அவர் பக்கத்தில் நடக்கும்போது நான் தொழிலைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

வள்ளி விஷயத்தில் அது எல்லை தாண்டிவிட்டது. அவள் பாறையில் சறுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டபோது, அக்கா அவள் தீபாவளிக்குக் கொடுத்த கோழிக் குழம்பைப் பற்றிப் பேச்சை எடுத்தார்.

“செட்டிநாட்டுக் கோழின்னு சொல்றீங்க. மொளகத் தவிர ஒன்னும் தெரியல. எங்க தோட்டத்துப் பக்கம் சாவு வீட்டுல கூட இதவிட நல்லா வப்பாங்க.”

வள்ளி சண்டை போட்டாள். புண்ணும் சுத்தமானது. ஆனால் புண் ஆறியும் கோபம் ஆறவில்லை. அது அவள் அம்மாவின் கைப்பக்குவமாம். அடுத்த வாரம் அவள் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அக்கா மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. ஒரு நாள் மதியம் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வள்ளியின் வீட்டுக்குப் போய், மேசையில் உட்கார்ந்து, அதே கோழிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, வாயே திறக்காமல் தட்டை இரண்டாவது தடவை நீட்டினாராம். வள்ளி சிரித்துவிட்டாள். “அப்பவும் நல்லாருக்குன்னு சொல்லல” என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இந்த வைத்தியத்தை எங்கே கற்றீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன் அக்கா கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் பெண்களுக்குப் பொறுப்பாளராக இருந்தார். முதலுதவி வகுப்பெல்லாம் அங்கே கொடுத்ததுதான். சண்டை மட்டும் வகுப்பில் இல்லை.

“மெஷின் லைன்ல ஒரு புள்ளைக்குக் கையில வெட்டு. என்ன விட்டா ஆளு இல்ல. கத்துறா, கைய இழுக்குறா. எனக்குப் பயம். பயத்துல, ‘ஏன்டி இப்பிடிக் கத்துற, கூலிம் ஊருல இருக்கிற உன் புருசனுக்குக் கேக்கவா’ன்னு ஏசிட்டேன். அவ கத்துறத வுட்டுட்டு என்ன ஏச ஆரம்பிச்சா. பாத்தா, கை ஆடாம நிக்கிது.” அக்கா யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். “வலிக்குதான்னு மட்டும் கேக்கவே கூடாது தம்பி. கேட்டா வலிக்கும்.”

இப்போது அவர்கள் இங்கே இல்லை. ஜொகூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் மாறிவிட்டார்கள். புதிதாக வந்தவர்களிடம் அக்காவைப் பற்றிச் சொல்லும்போது நான் கடைசியில் அண்ணனுக்கு அடிபட்ட கதைக்குத்தான் வந்து நிற்பேன்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். மரப்பலகைக் கடையில் கணக்கராக இருந்தவர். மெலிந்த ஆள், எப்போதும் முகத்தில் ஒரு சிரிப்பு. அவர் பேசுவது பெரும்பாலும் இரண்டே சொல். ஒன்று ‘ஆமா’, இன்னொன்று ‘சரி லா’. போகலாமா என்றால் சரி லா. உட்காரலாமா என்றால் சரி லா. வழி தவறி ஒரு மணி நேரம் சுற்ற வைத்துவிட்டோமே அண்ணே என்றால் அதற்கும் சரி லா. இப்படி ஒரு சண்டைக்காரிக்கு இப்படி ஒரு கணவர் அமைந்தது பொருத்தம்தான் என்று குணா சொல்லிச் சிரிப்பான்.

அன்றைக்கு சுங்கை சிப்புட்டைத் தாண்டி, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த ஒரு இடத்தின் வழியாக நடந்துகொண்டிருந்தோம். பாதி செம்பனை ஆகிவிட்டது. மீதியில் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்களும் கொடியும் பின்னிக் காடாகக் கிடந்தது. அதற்குள் எங்கோ ரப்பர் பால் சேர்க்கிற பழைய ஸ்டோர் ஒன்று இடிந்து, கூரைத் தகரங்கள் மண்ணோடு மண்ணாகிக் கிடந்திருக்கின்றன. ரம்புத்தான் மரம் போலிருக்கிறதே என்று அண்ணன் ஓரமாகப் போனார். சரசரவென்று ஒரு சத்தம். ஆளைக் காணோம்.

கொடி மூடிய கால்வாய்க்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “ஒன்னும் இல்ல. சரி லா.”

குணாவும் நானும் இறங்கித் தூக்கினோம். கெண்டைக்காலில் தகரம் நீளமாகக் கிழித்திருந்தது. ரத்தம் சப்பாத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா மடித்த துணியை வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தார். ரத்தம் நின்றபின் துணியை எடுத்துப் பார்த்தால், உள்ளே துருவும் சேறும் மக்கிய இலையும். ஹென்போனில் லைன் இல்லை. ஓட்டி வந்த காடியை நிறுத்திய இடத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். வள்ளி குனிந்து பார்த்துவிட்டு, “இத இப்பிடியே கட்ட முடியாதுக்கா” என்றாள். எல்லாருடைய புண்ணுத் தண்ணியும் வரிசையாக வந்து நின்றது.

அக்கா பையை அழுத்த ஆரம்பித்தார். சண்டையும் ஆரம்பித்தது.

“கண்ண எங்க வச்சிக்கிட்டு நடக்குறீங்க?”

“ஆமா, பாக்கல.”

“வீட்டுலயும் இப்பிடித்தான். எதையும் பாக்குறதே கெடையாது.”

“ஆமா.”

“உங்கம்மா வளத்த வளப்பு. ஒரு கொழம்பு ஒழுங்கா வைக்கத் தெரியுமா அந்த மனுசிக்கு? தண்ணியா ஓடும்.”

“தண்ணியாத்தான் இருக்கும்” என்றார் அண்ணன். “பாவம்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த புல்லைக் கொத்தாகப் பிடித்திருந்தார். எங்களுக்கு எல்லாம் கோபத்தில் மறைந்துபோன வலி, அவருக்கு ஒரு துளி விடாமல் தெரிந்துகொண்டிருந்தது. அக்கா இன்னும் இரண்டு மூன்று பழியைத் தூக்கிப் போட்டார். அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அக்காவின் கை நின்றது.

“வலிக்குதாங்க?” என்று கேட்டார்.

“வலிக்குது” என்றார் அண்ணன்.

அக்கா அப்படிக் கேட்டு நாங்கள் யாரும் கேட்டதில்லை. அண்ணனின் காலைப் பார்த்து வராத பயம் எனக்கு அதைக் கேட்டு வந்தது. குணா மெதுவாக, “வேற ஏதாச்சும் சொல்லுங்கக்கா” என்றான்.

“என்னத்தச் சொல்ல” என்றார் அக்கா. கண்ணில் தண்ணீர் நின்றது. இப்போது அது தந்திரம் இல்லை, நிஜமான ஆத்திரம். “இந்த மனுசனுக்குத்தான் கோவமே வராதே. எது கேட்டாலும் சரி, எது செஞ்சாலும் சரி. மரத்தோட குடும்பம் நடத்துன மாதிரி. பழைய மோட்டர என் தம்பிக்குக் கொடுத்துடவான்னு கேட்டேன். அதுக்கும் சரி லா.”

நாங்கள் ‘ஆமா’வுக்குக் காத்திருந்தோம். அது வரவில்லை.

“அத ஏன் இப்ப எடுக்குற?” என்றார் அண்ணன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

“எடுத்தா என்னா? காடி வாங்கியாச்சு. மோட்டர் சும்மாதானே நின்னுச்சு.”

“சும்மா நின்னுச்சா? நான் தொடச்சி வச்சிக்கிட்டு இருந்தேன். கொடுத்தியே, உன் தம்பி என்னா பண்ணுனான்? வீட்டுக்குப் பின்னால மழையில போட்டுட்டான். ஒவ்வொரு தீபாளிக்கும் போவும்போது பாக்குறேன். சீட்டு மேல கோழி முட்ட போடுது.”

அக்காவின் கை திரும்ப அசைய ஆரம்பித்தது. தண்ணீர் பீய்ச்சியது. “கோழி ஒக்காந்தா உங்களுக்கென்னா? அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?”

“நீ கேட்டியா? கொடுத்துடவான்னா அது கேள்வியா? சாவிய கையில வச்சிக்கிட்டு வாசல்ல நிக்கிற. உன் தம்பியும் நிக்கிறான்.”

“நீங்கதானே சரின்னீங்க.”

“நான் என்னிக்கித்தான் சரின்னு சொல்லல?”

காட்டுக்குள் ஒரு பறவை பயந்து எழும்பிப் போனது. அண்ணனுக்கு இவ்வளவு பெரிய குரல் இருப்பது எங்களுக்குத் தெரியாது. அவர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா இடுக்கியால் ஒரு துண்டு இலையை எடுத்தார், ஒரு துருத் துண்டை எடுத்தார், அடுத்த பையைத் துளைத்தார். பதிலுக்குப் பதில் வாய் மட்டும் ஓயவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக் கை இல்லாமல் தோளில் துடைத்துக்கொண்டார்.

“அந்த மோட்டர்லதான் உன்ன ராத்திரி சிப்டு முடிஞ்சி கூட்டிக்கிட்டு வருவேன்” என்றார் அண்ணன். “பின்னால ஒக்காந்து தூங்கிருவ. விழுந்துடப் போறன்னு உன் ரெண்டு கையையும் என் வயித்தோட சேத்து ஒரு கையால புடிச்சிக்கிட்டு, ஒத்தக் கையாலதான் வீடு வரைக்கும் ஓட்டுவேன். உனக்கு எங்க தெரியும். நீதான் தூங்குறியே.”

அக்கா பையில் மிச்சமிருந்த தண்ணீரையும் அழுத்தி முடித்தார். கடைசிப் போத்தலும் முடிந்திருந்தது. வள்ளி எட்டிப் பார்த்து, “சுத்தமா இருக்கு” என்றாள். அக்கா வெள்ளைத் துணியை வைத்துக் கட்டினார்.

குணா அண்ணனை முதுகில் சுமந்தான். பாதி வழியில் நான் மாற்றிக்கொண்டேன். முதுகில் இருந்தபடியே அண்ணன் மைத்துனரைப் பற்றி மேலும் சில விஷயங்களைச் சொன்னார். காடியில் அவர் வள்ளியோடும் குணாவோடும் பின்னால் கிடந்தார். அக்கா என் பக்கத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“உங்க எல்லாருக்கும் எங்க தொட்டா சுடும்னு எனக்குத் தெரியும் தம்பி. அவருக்கு அப்பிடி ஒன்னு கெடையாதுன்னே நெனச்சிக்கிட்டேன்.”

மருத்துவமனையில் இளம் மலாய்க்கார டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். தடுப்பூசி போடச் சொன்னார். தையல் போடுவதற்கு முன், இவ்வளவு நன்றாக யார் கழுவியது என்று மலாயில் கேட்டார். நாங்கள் மூன்று பேரும் அக்காவைக் காட்டினோம். அக்கா தன் ரப்பர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தையல் முடிந்து டாக்டர் போனதும், “சரி, கொஞ்ச நேரம் தூங்குங்க” என்றார் அக்கா.

“தூக்கம் வரல” என்றார் அண்ணன். “நான் இன்னும் முடிக்கல.”

அக்கா சுவரோரம் கிடந்த ப்ளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்லுங்க” என்றார்.

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு, கல்யாணத்துக்கு மறுநாள் பசியாறும்போது நடந்த ஏதோ ஒன்றிலிருந்து தொடங்கினார். குணா என் கையைப் பிடித்து இழுத்தான். வள்ளியும் எங்களோடு வெளியே வந்தாள். எதிரே இருந்த கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டு, தே குடித்து, இன்னொரு தே சொல்லி அதையும் குடித்துவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தோம்.

அண்ணன் சொல்லிச் சொல்லி, மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார். அக்கா அவருடைய அடிபடாத காலின் பாதத்தில் கையை வைத்துக்கொண்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.